பெண்களும் வியாபாரமும்

(கும்பகோணத்தில் நடந்த மாதர் கூட்டமொன்றில், பாத்திரக் கடை நடத்திவரும் ஒரு பெண் தோழர் பேசியதன் சாரம்)



இன்று என்னைப் பேசச் சொல்லியிருக்கும் விஷயம் "பெண்களும் வியாபாரமும்" என்பதாகும். நான் பிரசங்கியல்ல. பட்டம் பெற்றவளுமல்ல. பித்தளையையும் வெண்கலத்தையும் தராசில் நிறுத்து விற்றுப் பிழைக்கிறவள். ஆதலால் என் பேச்சில் அலங்காரம் இருக்காது. கடைக்காரி தன் பேரேட்டைப் படித்துக் காட்டுவதுபோல் எனக்குத் தெரிந்த கணக்கைப் படித்துக் காட்டுகிறேன். பிழை இருந்தால் எடுத்துச் சொல்லுங்கள். சரியாக இருந்தால் ஒப்புக்கொள்ளுங்கள். இவ்வளவுதான் நான் கேட்டுக்கொள்வது.

"பெண்களுக்கு வியாபாரம் வராது, ஏனென்றால் அவர்களுக்குத் தன்னம்பிக்கை கிடையாது" என்று அநேகர் சொல்லுகிறார்கள். ஆண்கள் மாத்திரமல்ல, பெண்களே சொல்லுகிறார்கள். நானும் ஒரு காலத்தில் அப்படிச் சொன்னவள்தான். எனவே பிறரைக் குற்றம் சொல்லுமுன் என் கதையையே சொல்லிவிடுகிறேன்.

என் புருஷர் காலமான பிறகு கடையை மூடிவிடுவதா, வைத்திருப்பதா என்று யோசனை நடந்தது. பிள்ளைகள் சிறுவர்கள். கடன் இருந்தது. வேறு வழியில்லாமல் நான் கல்லாவில் உட்கார்ந்தேன். முதல் வாரத்தில் ஒரு பெரியவர் கலியாணச் சாமான் வாங்க வந்தார். கல்லாவில் நான் உட்கார்ந்திருக்கிறேன். அவர் உள்ளே எட்டிப் பார்த்து, "கடையில் ஆள் இல்லையா?" என்று கேட்டார். தோழர்களே! நான் என்ன பதில் சொன்னேன் தெரியுமா? "வெளியே போயிருக்கிறார்கள், இப்போது வந்துவிடுவார்கள்" என்று சொன்னேன். வெளியே போனவரும் இல்லை. வரப் போகிறவரும் இல்லை. அவர் கேட்டதைக்கூட நான் மன்னிப்பேன். நான் சொன்ன பதிலைத்தான் இன்றுவரை மன்னிக்க முடியவில்லை. ஆள் இல்லை என்று அவர் நினைத்தார். ஆம், இல்லை என்று நானே கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன்.

அதோடு நின்றதா? இல்லை. "பட்டறைக்குப் போய்ச் சரக்கு எடுப்பது ஆண் பிள்ளை வேலை" என்று சுற்றத்தார் சொன்னதால், உறவினர் ஒருவரை அனுப்பினேன். அவர் அதுவரை பாத்திரக் கடை வாசற்படி மிதித்தவரல்ல. அவருக்கிருந்த ஒரே யோக்கியதை ஆணாகப் பிறந்ததுதான். அவர் வாங்கி வந்த வெண்கலப் பானைகளை நான் விரலால் தட்டிப் பார்த்தேன். நல்ல வார்ப்பாயிருந்தால் மணிபோல் கணீரென்று ஓசை நிற்கும். விரிசலோ பொத்தலோ இருந்தால் ஓசை "டொக்" என்று செத்துவிடும். பன்னிரண்டு பானைகளில் நாலு பானைகள் செத்த ஓசை கொடுத்தன. பல வருஷங்களாக வீட்டுத் திண்ணையில் சரக்குகளைத் துடைத்து, தட்டி, எடை போட்டு, சீட்டு எழுதியவள் நான். என் காதுக்கு உடனே தெரிந்துவிட்டது. ஆனால் வாய் திறக்கவில்லை. "ஆண் பிள்ளை பார்த்து வாங்கியிருக்கிறார், நமக்கென்ன தெரியும்" என்று இருந்துவிட்டேன். அந்த நாலு பானைகளும் திரும்பி வந்தன. பணமும் போயிற்று, வாடிக்கைக்காரரும் போனார்.

இப்போது யோசித்துப் பாருங்கள். எனக்கு அறிவு இல்லாமலா நஷ்டம் வந்தது? அறிவு இருந்தது. அதை நம்புவதற்கு உரிமை இல்லையென்று எண்ணியதால் நஷ்டம் வந்தது. இதைத்தான் "பெண்களுக்குத் தன்னம்பிக்கை இல்லை" என்று சுருக்கமாகச் சொல்லிவிடுகிறார்கள். ஆனால் அந்த அவநம்பிக்கை என் வயிற்றில் தானாக முளைத்ததல்ல. பிறர் என்மேல் வைத்த சந்தேகத்தை நான் வாங்கி என் சொந்தச் சரக்கைப்போல் வைத்துக்கொண்டிருந்தேன் என்பதுதான் உண்மை.

நிற்க. வியாபாரம் பெண்களுக்குப் புதிதா என்று பார்ப்போம். விடியுமுன் தாராசுரம் காய்கறி மார்க்கெட்டுக்குப் போய்ப் பாருங்கள். கூடை எடுத்து வந்து தெருத் தெருவாய் விற்பவர்களில் எத்தனை பேர் பெண்கள்? பூக்கட்டி விற்பவர் யார்? மீன்கூடை சுமப்பவர் யார்? வீட்டு வாசலில் மாவு அரைத்து விற்பவரும் இட்டிலிக் கடை வைத்திருப்பவரும் யார்? கொடிக்காலிலிருந்து வரும் வெற்றிலையைப் பொறுக்கி, அடுக்கி, கவுளி கட்டுகிற கைகள் யாருடையவை? வயலில் நடவு நட்டு, களை பறிப்பவர்கள் பெண்கள்; ஆனால் "விவசாயி" என்றால் மீசை வைத்தவர் முகந்தான் நமக்கு ஞாபகம் வருகிறது. திருபுவனத்தில் பட்டுத்தறி இருக்கும் வீட்டில் நூல் இழைப்பதும் தார் சுற்றுவதும் பெரும்பாலும் வீட்டுப் பெண்கள். அவர்கள் கை நின்றால் தறியும் நின்றுவிடும். ஆனால் "நெசவாளர் யார்?" என்று கேட்டால் புருஷன் பெயர்தான் வரும். கூலியும் அவன் கையில்தான் வரும்.

ஆகவே பெண்கள் வியாபாரத்திலும் தொழிலிலும் இல்லை என்பது பொய். வேலையில் இருக்கிறார்கள், பெயரில் இல்லை. இன்றைக்குத் தெருவோர இட்டிலிக் கடையில்கூடப் பணம் கட்டுவதற்குக் கட்டங்கட்டமான ஓர் அட்டையைத் தொங்கவிட்டிருக்கிறார்கள். கைப்பேசியைக் காட்டிப் பணம் அனுப்பும்போது திரையில் யார் பெயர் வருகிறது என்று கவனித்துப் பாருங்கள். சுட்டவள் ஒருத்தி, விற்றவள் ஒருத்தி. பெயர் மாத்திரம் மகனுடையதாகவோ புருஷனுடையதாகவோ இருக்கும். அந்தப் பணம் என்ன ஆயிற்று என்று அவள் அவர்களைக் கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். தன் லாபத்தைத் தானே பார்க்க முடியாதவளுக்கு நம்பிக்கை எங்கிருந்து வரும்?

நமது தேசத்தில் 2013-14இல் எடுக்கப்பட்ட ஆறாவது பொருளாதாரக் கணக்கெடுப்பில், ஏறக்குறைய 5 கோடியே 85 லட்சம் தொழில் நிலையங்களில் சுமார் 80 லட்சமே பெண்களால் நடத்தப்படுபவை என்று கண்டார்கள். அதாவது நூற்றுக்குப் பதினாலுகூட இல்லை. அந்த 80 லட்சத்தில் அதிகப் பங்கு உடையது நமது தமிழ்நாடுதான் என்று சந்தோஷப்படலாம். ஆனால் அவற்றில் நூற்றுக்கு 83 நிலையங்களில் கூலிக்கு அமர்த்திய ஆள் ஒருவர்கூடக் கிடையாது. நூற்றுக்கு 79 நிலையங்கள் சொந்தக் கைப்பணத்தைப் போட்டே நடப்பவை. இதற்கு என்ன அர்த்தம்? பெண் தொடங்குகிறாள், தொடங்கிய இடத்திலேயே நிற்கிறாள். ஏன் நிற்கிறாள்? கடன் இல்லை. கடன் ஏன் இல்லை? ஜாமீன் காட்டச் சொத்து இல்லை. சொத்து ஏன் இல்லை?

இங்கேதான் தோழர்களே, விஷயத்தின் வேர் இருக்கிறது. 1929ஆம் வருஷம் பிப்ரவரி மாதத்தில் செங்கற்பட்டில் நடந்த சுயமரியாதை மகாநாட்டில், பெண்களுக்கு ஆண்களைப்போலவே சொத்துரிமை வேண்டுமென்று தீர்மானம் செய்தார்கள். "குடும்பம் அழிந்துவிடும்" என்று வைதிகர்கள் கூச்சலிட்டார்கள். 1937இல் வந்த சட்டம் விதவைக்குப் பங்கு கொடுத்தது. ஆனால் ஆயுள்வரை அனுபவிக்கலாமே ஒழிய இஷ்டப்படி விற்க முடியாது. 1956இல் வந்த இந்து வாரிசுச் சட்டம் பெண்ணுக்கு முழுப் பாத்தியதை கொடுத்தது. ஆனால் பிதிரார்ஜிதக் கூட்டுச் சொத்தில் பிறப்பால் வரும் உரிமை மகனுக்கே என்று வைத்துவிட்டது. 1989இல் தமிழ்நாட்டு அரசாங்கம், அதற்கு முன் மணமாகாத பெண்களுக்கு அந்த உரிமையையும் கொடுத்துச் சட்டம் செய்தது. 2005இல் இந்தியா முழுமைக்கும் மகளுக்கு மகனைப்போல் உரிமை வந்தது. அந்த உரிமை பிறப்பாலேயே வருவதாகையால் 2005இல் தகப்பன் உயிரோடிருந்தானா என்று பார்க்க வேண்டியதில்லை என்று 2020இல் சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்புச் சொல்லிற்று. செங்கற்பட்டில் கேட்டது முழுமையாக வந்து சேர ஏறக்குறைய எண்பது வருஷங்கள் ஆயின. ஒரு தலைமுறையல்ல, மூன்று தலைமுறைப் பெண்கள் ஜாமீன் இல்லாமல், முதல் இல்லாமல், பெயர் இல்லாமல் இருந்துவிட்டு, பிறகு "உனக்கு ஏன் தைரியம் இல்லை?" என்று கேட்கப்படுகிறார்கள்.

சட்டம் வந்துவிட்டதே, இப்போது என்ன என்று கேட்பீர்கள். சட்டம் வந்தது, விடுதலைப் பத்திரமும் கூடவே வந்தது. தகப்பன் இறந்ததும் அண்ணன் தம்பிகள் ஒரு பத்திரத்தை நீட்டுகிறார்கள். "உனக்குத்தான் நகை போட்டு, சீர் செய்து அனுப்பினோமே" என்கிறார்கள். கையெழுத்துப் போடாவிட்டால் பிறந்த வீட்டு வாசல் மூடிவிடும் என்று பயந்து, படித்துக்கூடப் பாராமல் நம் பெண்கள் கையெழுத்துப் போடுகிறார்கள். தகப்பன் சொத்தை விடுதலை செய்துவிட்டு, மறு வருஷம் தையல் மிஷின் வாங்க வாரத் தவணைக் கடனுக்கு அலைகிறார்கள். அந்தத் தவணைக்காரன் வாசலில் வந்து நின்று நாலு பேர் கேட்கப் பேசும்போது, "நமக்கு வியாபாரம் சரிப்படாது" என்று தன்னையே நொந்துகொள்கிறார்கள்.

இது நம் தேசத்துக் குறை மாத்திரம் என்று எண்ண வேண்டாம். பிரான்ஸ் தேசத்தில் மணமான பெண் புருஷன் சம்மதமில்லாமல் உத்தியோகம் பார்க்கவும், தன் பெயரில் பாங்கிக் கணக்குத் தொடங்கவும் உரிமை பெற்றது 1965இல்தான். அமெரிக்காவில் 1978ஆம் வருஷம் பாலின் கிளான்ஸ், சூசன் ஐம்ஸ் என்ற இரண்டு மனோதத்துவப் பெண் அறிஞர்கள் ஓர் ஆராய்ச்சிக் கட்டுரை எழுதினார்கள். நன்றாகப் படித்து, பெரிய நிலைமைக்கு வந்த பெண்கள்கூட, "எனக்கு யோக்கியதை இல்லை, ஏதோ அதிர்ஷ்டத்தால் வந்துவிட்டேன், ஒரு நாள் குட்டு வெளிப்படும்" என்று உள்ளுக்குள் பயந்து வாழ்கிறார்கள் என்று கண்டு எழுதினார்கள். அவர்கள் கண்டது உண்மைதான். நானே அதற்குச் சாட்சி. ஆனால் இன்னொன்றையும் சேர்த்துப் பாருங்கள். அதே அமெரிக்காவில் சில ராஜ்யங்களில், வியாபாரக் கடன் கேட்கும் பெண் ஓர் ஆண் உறவினரின் கையெழுத்தைக் கொண்டுவர வேண்டுமென்ற சட்டங்கள் 1988இல்தான் ஒழிக்கப்பட்டன. சட்டமே "உன்னை நம்பமாட்டேன், ஓர் ஆணைக் கூட்டி வா" என்று சொல்லிக்கொண்டிருந்தபோது, அந்தப் பெண் தன்னை நம்பவில்லை என்பதில் என்ன ஆச்சரியம்?

அடுத்தபடியாக, இந்தச் சந்தேகத்துக்குத் தண்ணீர் ஊற்றி வளர்க்கும் மூடநம்பிக்கையைப் பற்றிச் சொல்லவேண்டும். நான் தாலியறுத்தவள். "இவள் முகத்தில் முழித்து முதல் போணி செய்தால் வியாபாரம் விளங்காது" என்று என் காதில் படவே பேசினார்கள். என்னைப் போன்ற இன்னொரு விதவை முதல் போணிக்கு வந்தால், "சற்றுப் பொறுத்து வா அம்மா" என்று நானே சொல்லியிருக்கிறேன். வெட்கத்துடன் ஒப்புக்கொள்ளுகிறேன். பிறகு ஒரு நாள், இதையும் கணக்குப் போட்டுத்தான் பார்ப்போமே என்று ஒரு நோட்டுப் புத்தகம் வைத்தேன். ஒவ்வொரு நாளும் முதல் போணி செய்தவர் ஆணா, பெண்ணா, சுமங்கலியா, விதவையா என்றும், அன்றைய மொத்த விற்பனை எவ்வளவு என்றும் எழுதி வந்தேன். ஒரு வருஷம் எழுதினேன். கண்டது என்ன? ஜனங்கள் கலியாணம் வைக்கும் மாதங்களில் விற்பனை ஏறிற்று. அறுவடை முடிந்து கையில் காசு புரளும் தை, மாசியில் ஏறிற்று. கலியாணம் இல்லாத ஆடியிலும் மார்கழியிலும் இறங்கிற்று. ஆற்றில் தண்ணீர் தாமதமானபோது இறங்கிற்று. முதல் போணி செய்தவரின் நெற்றிக்கும் என் கல்லாவுக்கும் யாதொரு சம்பந்தமும் காணோம். அன்று முதல் என் கடையில் யார் முதலில் வந்தாலும் அவர்களே முதல் போணி.

"பொட்டைக் கோழி கூவியா பொழுது விடியப் போகிறது?" என்று பழமொழி சொல்லுகிறார்கள். நான் கேட்கிறேன், சேவல் கூவியா விடிகிறது? பூமி சுழல்வதால் விடிகிறது. சேவல் வெறுமனே கூவிவிட்டுப் பேர் வாங்கிக்கொள்ளுகிறது. வியாபாரத்திலும் அப்படித்தான். ஆணுக்கு நஷ்டம் வந்தால் "நேரம் சரியில்லை, சனி பிடித்தது" என்கிறார்கள். பெண்ணுக்கு நஷ்டம் வந்தால் "பெண் புத்தி பின் புத்தி" என்கிறார்கள். ஆணின் தோல்விக்குக் கிரகம் பொறுப்பு. பெண்ணின் தோல்விக்கு அவள் மூளை பொறுப்பு. இரண்டும் பொய். இருவர் நஷ்டத்துக்கும் காரணம் விலை, சரக்கு, வட்டி, கடன் வசூல் ஆகியவற்றில் இருக்கும். கணக்கைப் புரட்டினால் அகப்படும். ஜாதகத்தைப் புரட்டினால் அகப்படாது.

கணக்கு என்றதும் ஒன்று சொல்ல வேண்டும். மாவு விற்கிற ஓர் அம்மாள் என்னிடம், "லாபமே நிற்கவில்லை அக்கா, எனக்குக் கை ராசியில்லை" என்றார். உட்கார வைத்துக் கணக்குக் கேட்டேன். அரிசி, உளுந்து, மின்சாரம் எல்லாம் சொன்னார். "உன் கூலி எங்கே?" என்றேன். "என் கூலியா? நான் வீட்டில் சும்மாதானே இருக்கிறேன்" என்றார். விடியற்காலை நாலு மணிக்கு எழுந்து கழுவி, அரைத்து, அளந்து விற்பது சும்மா இருப்பதாம்! தன் உழைப்புக்கு விலை போடாததால் சரக்கு விலையைக் குறைத்தே வைத்திருந்தார். வாங்கியவர்களுக்கெல்லாம் அவர் தினமும் தானம் செய்துகொண்டிருந்தார். குறை கையிலும் இல்லை, ராசியிலும் இல்லை. சீட்டில் ஒரு வரி விட்டுப்போயிருந்தது. அந்த வரியை எழுதி, படிக்கு இரண்டு ரூபாய் ஏற்றினார். ஒருவரும் ஓடிப்போய்விடவில்லை.

தைரியம் வந்த பிறகு தொழில் செய்யலாம் என்று காத்திருக்க வேண்டியதில்லை என்பதற்கு இரண்டு அத்தாட்சிகள் சொல்லுகிறேன். 1959ஆம் வருஷம் மார்ச்சு 15ஆம் தேதி பம்பாயில் கிர்காம் என்ற இடத்தில் ஏழு பெண்கள், 80 ரூபாய் கடன் வாங்கி, மாடியில் உட்கார்ந்து அப்பளம் இட்டார்கள். முதல் நாள் நாலு கட்டு. அதுதான் இன்று "லிஜ்ஜத்" என்று தேசமெங்கும் தெரிகிற ஸ்தாபனம்; பல்லாயிரம் பெண்கள் அதன் கூட்டுச் சொந்தக்காரர்கள். அந்த எழுவரில் ஒருவரான ஜஸ்வந்திபென் போபட் அம்மையாருக்கு 2021இல் பத்மஸ்ரீ பட்டம் கிடைத்தது. மற்றொன்று ஆமதாபாத்தில் 1974இல் நடந்தது. காய்கறி விற்பவர், வண்டி இழுப்பவர், பழந்துணி விற்பவர் முதலான 4,000 ஏழைப் பெண்கள், ஆளுக்கு 10 ரூபாய் பங்கு போட்டு, தங்களுக்கென்று ஒரு கூட்டுறவு பாங்கி ஏற்படுத்தினார்கள். இலா பட் அம்மையார் முன்னின்றார். "கையெழுத்துப் போடத் தெரியாதவர்கள் பாங்கி நடத்துவதா?" என்று ஆட்சேபித்தார்கள். அந்தப் பெண்கள் இரவெல்லாம் கண் விழித்துத் தங்கள் பெயரை எழுதப் பழகிக்கொண்டு போய்க் கையெழுத்துப் போட்டார்கள். அந்த இரவில் அவர்களுக்குத் தன்னம்பிக்கை இருந்ததா, பயம் இருந்ததா? பயந்தான் இருந்திருக்கும். பயந்துகொண்டே எழுதினார்கள். எழுதிய பிறகு பயம் குறைந்தது. நம்பிக்கை என்பது வேலைக்கு முன்னால் கிடைக்கும் முன்பணமல்ல. வேலைக்குப் பின்னால் வரும் கூலி.

என் விஷயத்திலும் அதுதான் நடந்தது. நாலு பானை நஷ்டத்துக்குப் பிறகு, கை நடுங்கிக்கொண்டே நானே பட்டறைக்குப் போனேன். ஒவ்வொரு பானையாகத் தட்டிப் பார்த்து இரண்டை ஒதுக்கினேன். பட்டறைக்காரர் என் முகத்தைப் பார்த்தார். தாமும் தட்டிப் பார்த்தார். ஒன்றும் பேசாமல் மாற்றிக் கொடுத்தார். என் காதை நான் நம்பிய முதல் நாள் அது.

தாய்மார்களே! உங்களிடம் நான் கேட்டுக்கொள்வது சிலவே. நீங்கள் செய்யும் தொழில் எதுவானாலும், பாங்கிக் கணக்கும் லைசென்சும் உங்கள் பெயரில் இருக்கட்டும். வரவு செலவை உங்கள் கையாலேயே எழுதுங்கள். அதில் உங்கள் கூலிக்கு ஒரு வரி இருக்கட்டும். படித்துப் பார்க்காத, அல்லது நம்பத்தக்க ஒருவரைக்கொண்டு படித்துக் கேட்காத பத்திரத்தில் கையெழுத்துப் போடாதீர்கள். "எனக்கென்ன தெரியும்" என்ற சொல்லை இன்றோடு விட்டுவிடுங்கள். தெரியாவிட்டால் "கேட்டுத் தெரிந்துகொள்ளுகிறேன்" என்று சொல்லுங்கள்.

ஆண் தோழர்களே! மேடையில் பெண் விடுதலை பேசிவிட்டு, வீட்டுக்குப் போய்த் தங்கையிடம் விடுதலைப் பத்திரத்தை நீட்டுகிறவர் உங்களில் ஒருவரும் இருக்கக் கூடாது. உங்கள் வீட்டுப் பெண் சம்பாதிக்கும் பணம் யார் கணக்கில் விழுகிறது என்று இன்றிரவே பாருங்கள். "என் மனைவிக்கு தைரியம் போதாது" என்று சொல்லுமுன், அந்தத் தைரியத்தை யார் எடுத்து எங்கே வைத்திருக்கிறார்கள் என்று தேடிப் பாருங்கள். அநேகமாக உங்கள் சட்டைப் பையிலேயே இருக்கும்.

கடைசியாக ஒன்று. இன்றைக்கும் என் கடைக்கு வருகிறவர்களில் சிலர், "கடையில் ஆள் இல்லையா?" என்று கேட்கத்தான் செய்கிறார்கள். நான் எழுந்து நின்று, "ஆள்தான் உட்கார்ந்திருக்கிறேன், என்ன வேண்டும்?" என்கிறேன். அவர்கள் சிறிது திகைக்கிறார்கள். பிறகு சாமான் வாங்கிக்கொண்டு போகிறார்கள். இதைச் சொல்லப் பழக எனக்கு மூன்று வருஷங்கள் பிடித்தன. உங்களுக்கு அவ்வளவு நாள் ஆகவேண்டாம் என்பதற்காகவே இதையெல்லாம் சொன்னேன்.